மல்லிகை சோப்பும் லேபிளில் எழுதும் சொல்லும்

கேள்வி: நிலக்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சோப்பு, குளியல் பொடி, பன்னீர், மல்லிகை அத்தர் என 22 பொருட்களைச் செய்து, '100 சதவீதம் இயற்கை' என்று லேபிள் ஒட்டி, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்று வருகிறேன். மதுரையில் இரண்டு கடைக்காரர்கள் மாதம் 300 சோப்பு கேட்கிறார்கள். 70 ரூபாய் சோப்பை 30 சதவீதக் கழிவில் தரச் சொல்கிறார்கள். என் சோப்புக்குத் தேங்காய் எண்ணெய் 500 கிராம், நல்லெண்ணெய் 400, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 160 கிராம் சேர்க்கிறேன். மல்லிகை எசன்ஸ் 10 மில்லி 150 ரூபாய்க்கு வாங்குகிறேன். ஆனால் ஒரு மாதத்தில் மணம் போய்விடுகிறது, சோப்பும் பழுப்பாகிவிடுகிறது. குளியல் பொடி தேய்த்துக் குளித்துவிட்டுத் திருவிழாவுக்குப் போன ஒரு பெண்ணுக்குக் கழுத்திலும் கையிலும் கருந்திட்டுகள் வந்திருப்பதாகச் சொல்கிறார். பொடியில் என்னென்ன சேர்த்தேன் என்பதைத் தனியே எழுதி இணைத்திருக்கிறேன். ஸ்பிரிட் வாங்கி ஸ்பிரே சென்ட் செய்யலாமா? உரிமம் அவசியமா? சோப்புக்கு என்ன விலை வைக்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பது விலையைப் பற்றி, நான் முதலில் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணின் கருந்திட்டுகளைப் பற்றி. நீங்கள் இணைத்திருக்கும் பட்டியலில் பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் ஆகியவற்றோடு கார்போகரிசியும் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் குளியல் பொடிச் சாமான் கேட்டால் இதையும் சேர்த்தே மடித்துத் தருவது வழக்கம். கார்போகரிசியில் சொராலென் என்னும் பொருள் உள்ளது. அது தோலில் பட்ட நிலையில் வெயில் பட்டால், தோல் எரிந்து சிவந்து, பிறகு அந்த இடம் கறுத்துப்போகும். வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர்கள் சொராலெனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துச் சிகிச்சை அளிப்பது இந்தத் தன்மையைக் கொண்டுதான். ஆனால் அங்கே மருந்துக்கும் அளவுண்டு, ஒளிக்கும் அளவுண்டு. குளியல் பொடியில் இரண்டுக்கும் அளவில்லை. அந்தப் பெண்ணின் தோலைப் பார்க்காமல் காரணம் இதுதான் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. என்றாலும், உடை மறைக்காத கழுத்திலும் கையிலும் மட்டும், அதுவும் வெயிலில் நின்ற பிறகு திட்டுகள் வந்திருப்பதால் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது.

ஆகவே இன்றே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். அந்தப் பெண்ணைத் தோல் மருத்துவரிடம் அனுப்பி, பொடியில் சேர்ந்த சாமான்களின் முழுப் பட்டியலையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதே தடவை அரைத்த பொடியை வாங்கிய அனைவருக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று செய்தி அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இனி கார்போகரிசியைச் சேர்க்காதீர்கள். இப்படிச் செய்தால் பெயர் கெட்டுவிடும் என்று நீங்கள் அஞ்சலாம். தவறை மறைத்த வியாபாரியைத்தான் வாடிக்கையாளர்கள் மன்னிப்பதில்லை. முதல் ஆளாகத் தானே அழைத்துச் சொன்னவரிடம் அவர்கள் மீண்டும் வாங்கியதை இந்தத் தொழிலில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி மல்லிகைக்கு வருவோம். 10 மில்லி 150 ரூபாய்க்குக் கிடைப்பது மல்லிகைப் பூவிலிருந்து எடுத்ததாக இருக்க வழியில்லை. ரோஜாவையும் வெட்டிவேரையும்போல மல்லிகையை நீராவியில் வடிப்பது சரிவராது. சூடு பட்டதும் அதன் மணம் கெட்டுவிடும். அதனால் ஆலைகளில் ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெழுகு போன்ற கான்கிரீட்டை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் ஆக்குகிறார்கள். ஒரு டன் பூவைப் போட்டாலும் முடிவில் கிடைப்பது ஓரிரு கிலோதான். அதனால்தான் அசல் அப்சல்யூட் கிலோ கணக்கில் லட்சங்களைத் தொடுகிறது. உங்கள் ஊர்ச் சந்தையில் பூ என்ன விலைக்குப் போகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த விலையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்தால் 150 ரூபாய்ப் புட்டியில் என்ன இருக்கும் என்பது விளங்கிவிடும். அதில் இருப்பது செயற்கையாகச் செய்த மணக்கலவை. அதைப் பயன்படுத்துவது குற்றமில்லை. தரமானதாகவும் அளவோடும் இருந்தால் பெரும்பாலோரின் தோலுக்குத் தீங்கும் இல்லை. ஆனால் அதைச் சேர்த்துவிட்டு '100 சதவீதம் இயற்கை' என்று எழுதக் கூடாது. விற்றவர் உங்களை ஏமாற்றியிருக்கலாம். உங்கள் லேபிளில் இருக்கும் சொல்லுக்கோ நீங்கள்தான் பொறுப்பு. அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள்.

இனி மணப்பொருள் வாங்கும்போது, அந்தப் புட்டியின் பேட்ச் எண் குறிப்பிட்ட பகுப்பாய்வுச் சான்றையும், உள்ளே என்னென்ன வேதிப்பொருள்கள் இருக்கின்றன என்று காட்டும் ஜி.சி.எம்.எஸ். சோதனை அறிக்கையையும், சர்வதேச நறுமணச் சங்கமான ஐ.எஃப்.ஆர்.ஏ. வகுத்த வரம்புகளின்படி எந்தப் பொருளில் எவ்வளவு சேர்க்கலாம் என்று சொல்லும் சான்றையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இயற்கை என்பதாலேயே எல்லாம் சாதுவாகிவிடாது என்பதற்கு அந்த வரம்புகளே சாட்சி. அசல் மல்லிகை அப்சல்யூட்டுக்கும் அதில் உச்ச அளவு உண்டு. பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தோல் எண்ணெய்க்கும் உண்டு, ஏனென்றால் அதுவும் கார்போகரிசியைப் போலவே வெயிலில் தோலைச் சுடக்கூடியது.

சோப்பில் மணம் போவதற்கும் நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு. மல்லிகை மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் பென்சைல் அசிட்டேட் ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் வகைப் பொருள். காஸ்டிக் சோடா எண்ணெயை உடைத்துச் சோப்பாக்குவது எப்படியோ, அப்படியே இந்த எஸ்டரையும் உடைத்துவிடும். பழுப்பு நிறம் இண்டோல் என்னும் இன்னொரு மணப்பொருளால் வருகிறது; அசல் மல்லிகையிலும் அது உண்டு, நல்ல செயற்கைக் கலவையிலும் உண்டு. எனவே லட்ச ரூபாய் அப்சல்யூட்டை வாங்கி ஊற்றினாலும் காய்ச்சாமல் செய்யும் குளிர்முறைச் சோப்பில் உங்களுக்கு இதே கதிதான். சோப்பில் நிற்பவை கனத்த மணங்கள்: வெட்டிவேர், பச்சோலி போன்றவை. எலுமிச்சைப்புல்லும் ஓரளவு நிற்கும். ஆனால் அதில் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும் சிட்ரால் மிகுதி என்பதால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராமுக்கு மேல் போக வேண்டாம். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான ஊர்களில் வெட்டிவேர் விளைகிறது. அந்த வேரிலிருந்து வடித்த எண்ணெயை நேரடியாகத் தேடிப் பாருங்கள்.

பழுப்பைவிட எனக்குக் கவலை தந்தது நீங்கள் எழுதியிருக்கும் காஸ்டிக் சோடா அளவு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும்; நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. உங்கள் அளவுகளைப் பெருக்கினால் 91.5, 53.6, 12.8 என வந்து, மொத்தம் 157.9 கிராம் ஆகிறது. இது எண்ணெய் முழுவதையும் துளி மிச்சமில்லாமல் சோப்பாக்கும் அளவு. நீங்கள் போடுவது 160. அதாவது உங்கள் ஒவ்வொரு கிலோ எண்ணெய்க்கும் இரண்டு கிராம் காரம் (காஸ்டிக் சோடா) செலவாகாமல் சோப்பிலேயே தங்கிவிடக்கூடும். சிலருக்குக் குளித்தபின் தோல் இழுப்பதுபோல இருக்கிறது என்ற குறை உங்களுக்கு வந்திருந்தால் அதற்கு இதுவே காரணமாகலாம். கையால் சோப்பு செய்கிறவர்கள் கணக்கில் வந்த அளவிலிருந்து 5 சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம். அப்படிச் செய்தால் சரியாக 150 கிராம் வருகிறது. சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலுக்கு மென்மை தரும், எடை போடுவதில் சிறு பிசகு நேர்ந்தாலும் காப்பாற்றும். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. எண்ணெய் ஒன்றை மாற்றினாலும் முழுக் கணக்கையும் புதிதாகப் போடுங்கள்; வீடியோவில் பார்த்த அளவு அந்த வீடியோக்காரரின் எண்ணெய்க்குத்தான் பொருந்தும்.

காரத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போடுங்கள், காரத்தின்மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றாதீர்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் கிளம்பும், பாத்திரமும் அரித்துப்போகும். கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெட்டிய சோப்பைக் காற்றோட்டமான நிழலில் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆறவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சோப்பு வியர்ப்பது அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான். அது கெட்டுப்போனதன் அடையாளமல்ல. நல்லெண்ணெய் பங்கு மிகுந்த சோப்பில் சில மாதங்களில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றிச் சிக்கு வாடை அடித்தால் அதுதான் கெட்டது, அதை விற்காதீர்கள்.

அப்படியானால் மல்லிகையை விட்டுவிடுவதா? கூடாது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அருகில் இருந்துகொண்டு மல்லிகையைக் கைவிடுவது பெரிய இழப்பு. சோப்பை விட்டுவிட்டு எண்ணெயில் அந்த மணத்தைப் பிடியுங்கள். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர், காஜிப்பூர் பகுதிகளில் சமேலி (சாதிமல்லி) எண்ணெய் செய்யும் பழைய முறை உங்களுக்கு அப்படியே பொருந்தும். தோல் நீக்கிச் சுத்தமாக உலர்த்திய எள்ளை ஒரு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் பூவைப் பரப்பி, மறுபடி எள், மறுபடி பூ என்று அடுக்கி மூடி வைப்பார்கள். காலையில் பூவை அகற்றிவிட்டு மாலையில் புதுப்பூ போடுவார்கள். எள் போதிய மணத்தை ஏற்கும்வரை இதைப் பல இரவுகள் தொடர்ந்து செய்து, பிறகு அந்த எள்ளைச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள். மல்லிகைக்கு இது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், விடியற்காலையில் பறித்த மொட்டு அன்றிரவு மலரும்போதும் மலர்ந்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வடிக்கும் கொப்பரையில் பூ உடனே இறந்துவிடுகிறது. எள்ளின் நடுவிலோ இரவெல்லாம் உயிரோடு இருந்து மணத்தை எள்ளின் எண்ணெய்க்குக் கொடுக்கிறது. நேரடியாக எண்ணெயில் பூவைப் போட்டு ஊறவைத்தால் பூவிலுள்ள நீர் எண்ணெயில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். எள் முறையிலும் அந்த ஆபத்து உண்டு என்பதால், ஒவ்வொரு காலையிலும் பூவை அகற்றியதும் எள்ளை நிழலில் விரித்து ஈரம் போகும்வரை உலர்த்தியே மறுபடி அடுக்க வேண்டும். வாடிய இதழ் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

இப்படி எடுத்த தைலத்தின் லேபிளில் சேர்பொருளாக 'நல்லெண்ணெய், மல்லிகை' என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதி அதற்கு நேர்மையான விலை கேட்கலாம். கோடையில் வரத்து மிகுந்து பூ விலை சரியும்போது ஆண்டுக்குத் தேவையானதைச் செய்துகொள்ளுங்கள். மார்கழியில் பூ விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். முதலில் ஒரு கிலோ எள்ளோடு மட்டும் செய்து பாருங்கள். செக்கில் அவ்வளவு சிறிய அளவை ஆட்ட மாட்டார்கள் என்பதால் அந்த ஒரு தடவைக்கு வீட்டில் வைத்துப் பிழியும் சிறு இயந்திரம் போதும்.

அத்தரைப் பொறுத்தவரை, ஸ்பிரிட் பக்கம் இப்போது போகவே வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும், குடிக்க முடியாதபடி தன்மை மாற்றிய ஸ்பிரிட்டை வாங்குவதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்துகின்றன. கண்ட இடத்தில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நச்சான மெத்தனால் கலந்திருக்கலாம். வீட்டில் அடுப்பும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் அதைக் கேன் கேனாக வைப்பது உயிரோடு விளையாடுவது. கூரியரிலும் அது எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்ற கணக்கில்தான் வரும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் செப்புக் கொப்பரையில் வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்கும் அத்தருக்கு ஆல்கஹாலே தேவைப்பட்டதில்லை. நீங்கள் தேன்மெழுகில் கெட்டி சென்ட் செய்யுங்கள். தேன்மெழுகு ஒரு பங்கு, எளிதில் சிக்கு வாடை பிடிக்காத ஜொஜோபா போன்ற எண்ணெய் மூன்று பங்கு என்று தொடங்குங்கள்; சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் இளகினால் மெழுகைக் கூட்டிக்கொள்ளலாம். அசல் மல்லிகை அப்சல்யூட்டைச் சில கிராம் வாங்கிப் பயன்படுத்தத் தகுந்த இடம் இதுதான். இங்கே அதை உடைக்கக் காரம் இல்லை.

பன்னீரை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் உள்ள எந்தப் பொருளிலும் கிருமி வளரும். வீட்டில் வடித்ததைப் பதப்பொருள் இல்லாமல், நுண்ணுயிர்ச் சோதனை இல்லாமல், பிறர் முகத்தில் தெளிக்கக் கொடுக்கக் கூடாது. கற்றாழைச் சாறு, பால் சேர்த்த கிரீம்களும் அப்படியே. உங்கள் 22 பொருட்களில் வெட்டிவேர் சோப்பு, வாசனை சேர்க்காத ஒரு சோப்பு, கார்போகரிசி நீக்கிய குளியல் பொடி, மல்லிகைத் தைலம், கெட்டி சென்ட் ஆகிய ஐந்து போதும். ஐந்தையும் எந்த நாள், எந்தக் கடையின் எண்ணெய், எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதிச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவை செய்ததிலிருந்தும் ஒரு மாதிரியைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். கருந்திட்டு போன்ற புகார் மறுபடி வந்தால் எதைத் தேடுவது என்று அந்த நோட்டுதான் உங்களுக்குச் சொல்லும்.

உரிமம் அவசியமா என்றால், ஆம், அவசியம். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் தொடக்கத்தில் சோப்பு அழகுசாதனக் கணக்கில் வரவில்லை. 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த விலக்கு நீக்கப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ள 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, விற்பனைக்காகச் செய்பவர் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சி.ஓ.எஸ்.-5 படிவத்தில் விண்ணப்பித்து, சி.ஓ.எஸ்.-8 படிவத்தில் உரிமம் பெற வேண்டும். வீட்டுச் சமையலறைக்கு அது கிடைக்காது. தனி இடமும், சுத்தமான தரையும் சுவரும், தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். இதற்கு முதலீடு இப்போது முடியாது என்றால் கடன் உரிமம் என்று ஒரு வழி இருக்கிறது: உரிமம் உள்ள ஒருவரின் கூடத்தில் உங்கள் பொருளைச் செய்துகொள்ள சி.ஓ.எஸ்.-6 படிவத்தில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். உங்கள் நிலையில் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துகொள்ளுங்கள். ஆனால் அது இந்த உரிமத்துக்கு ஈடாகாது. பலர் அதைக் காட்டி 'அரசுப் பதிவு பெற்றது' என்று எழுதுவது சரியல்ல. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், முகவரி, புகார் எண் ஆகியவையும், அழகுசாதன விதிகளின்படி சேர்பொருள் பட்டியல், பேட்ச் எண், உரிம எண், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு ஆகியவையும் லேபிளில் இருக்க வேண்டும். தேமல் போகும், சொரியாசிஸ் தீரும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நோயைத் தீர்ப்பதாகச் சொன்ன மறுகணம் அது மருந்தாகிவிடும், மருந்துக்கு வேறு உரிமம் வேண்டும். உரிமம் கைக்கு வரும்வரை விற்பனையை நிறுத்திவைப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாதங்கள் எள்ளையும் வெட்டிவேரையும் சோதித்துப் பார்க்க உங்களுக்குத் தேவைப்படும்.

விலைக்கு வருகிறேன். உங்கள் சோப்பு ஒன்றுக்கு எண்ணெயும் காரமும் மணப்பொருளும் சேர்ந்து 38 ரூபாய், பெட்டியும் லேபிளும் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 சோப்பைச் செய்து, வெட்டி, சுற்றி முடிக்க ஆறு மணி நேரம் பிடித்தால், மணிக்கு 80 ரூபாய் வீதம் உங்கள் கூலி 480. சோப்புக்கு 12 ரூபாய். கூடத்தின் வாடகை, மின்சாரம், சோதனை, வீணாவது எல்லாவற்றுக்கும் 7 ரூபாய் வைத்தால் அடக்கம் 65 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் 70 ரூபாயில் 30 சதவீதம் கழித்துத் தருவது 49. ஒவ்வொரு சோப்புக்கும் 16 ரூபாய் கையைக் கடிக்கும். மாதம் 300 என்றால் 4,800 ரூபாய். இதுவரை லாபம்போலத் தெரிந்ததெல்லாம் கணக்கில் சேர்க்காமல் விட்ட உங்கள் உழைப்புதான். அதிகபட்ச விலை 120 என்று வைத்தால் கடையிலிருந்து உங்களுக்கு 84 வரும், 19 ரூபாய் நிற்கும். நேரடியாக வாங்குபவருக்கும் அதே 120தான். அங்கே குறைத்து விற்றால் கடைக்காரர் உங்கள் சரக்கைத் தொட மாட்டார்.

120 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள் என்று அந்த இருவரும் கேட்பார்கள். உரிம எண்ணும் முழுச் சேர்பொருள் பட்டியலும் உள்ள வெட்டிவேர் சோப்பை அவர்கள் கையில் கொடுத்து, ஒரு வாரம் அவர்களையே பயன்படுத்தச் சொல்லுங்கள். முதல் மாதம் ஆளுக்கு 30 சோப்பு மட்டும், ரொக்கத்துக்குக் கொடுங்கள். ஆறு வாரம் ஆற வேண்டிய சரக்கில் உங்கள் பணம் ஏற்கெனவே முடங்கியிருக்கும்போது, விற்ற பிறகு தருகிறேன் என்ற பேச்சுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.